களிமண்ணும் காகிதமும் பாடமான கதை

பாலர் பள்ளியிலிருந்து வீடு திரும்பும் பிள்ளையின் பையைத் திறந்ததும் பெரும்பாலான பெற்றோர் முதலில் தேடுவது எழுத்துப் பயிற்சித் தாளைத்தான். அதற்குப் பதிலாகப் பசை காயாத ஒரு காகித மீனோ வண்ணம் வழிந்த தாளோ கையில் வந்தால் அவர்கள் முகம் சற்று மாறிவிடுகிறது. "இன்று ஒன்றும் படிக்கவில்லையா? விளையாட்டுதானா?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

பெற்றோர் இப்படிக் கேட்பதில் வியப்பில்லை. தொடக்கப் பள்ளியில் சேர்வதற்குள் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும், கூட்டல் கழித்தல் தெரிந்திருக்க வேண்டும் என்ற கவலை பல வீடுகளிலும் இருக்கிறது. ஆனால் காகிதம் மடிப்பதும் களிமண் பிசைவதும் பொழுதுபோக்காகப் பாலர் பள்ளிக்குள் நுழைந்தவை அல்ல. பாலர் பள்ளி என்ற ஒன்று தோன்றியதே அவற்றை நம்பித்தான். அந்த நம்பிக்கைக்காக ஒரு முதியவர் தம் வாழ்வின் கடைசி ஆண்டில் அரசாங்கத் தடையையும் தாங்க வேண்டியிருந்தது.

தாயில்லாப் பிள்ளை கண்ட தோட்டம்

அவர் பெயர் ஃபிரெடரிக் ஃபிரோபெல். 1782ஆம் ஆண்டு ஜெர்மனியின் துரிங்கியா மலைப் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். வீட்டில் கிடைக்காத அன்பைத் தோட்டத்திலும் மரங்களுக்கிடையிலும் தேடிய பிள்ளை, 15 வயதில் காட்டுத்துறை அலுவலர் ஒருவரிடம் தொழில் பழகச் சென்றார்.

பின்னர் ஆசிரியப் பணிக்கு வந்த ஃபிரோபெல், 1808 முதல் 1810 வரை சுவிட்சர்லாந்தின் இவர்டன் நகரில் பெஸ்டலாஸி நடத்திய புகழ்பெற்ற பள்ளியில் தங்கினார். சொல்லிக் கொடுப்பதைவிடப் பார்க்கவும் தொடவும் விடுவதே குழந்தைக்கு நல்ல பாடம் என்பது பெஸ்டலாஸியின் கொள்கை. அதன்பின் ஃபிரோபெல் பெர்லினில் கனிமங்கள் பற்றிய அருங்காட்சியகத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். எளிய சில வடிவங்கள் ஓர் ஒழுங்கில் சேர்ந்து சேர்ந்து படிகங்கள் உருவாவதை அங்கே நாள்தோறும் பார்த்தார். குழந்தையின் அறிவும் அப்படித்தான் வளர்கிறது என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது.

1837ஆம் ஆண்டில், 55 வயதில், பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு பிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். 1840ஆம் ஆண்டு அதற்கு அவர் சூட்டிய பெயர்தான் 'கிண்டர்கார்டன்'. குழந்தைகளின் தோட்டம் என்று அதற்குப் பொருள். தோட்டக்காரர் செடியை இழுத்து வளர்ப்பதில்லை. மண்ணும் நீரும் வெளிச்சமும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறார். ஆசிரியரின் வேலையும் அதுவே என்றார் ஃபிரோபெல்.

எட்டுக் கட்டைகளும் ஒரு பிடி பட்டாணியும்

அந்தத் தோட்டத்தில் பாடநூல் கிடையாது. 'பரிசுகள்' என்று அவர் பெயரிட்ட பொருள்களும் 'கைவேலைகள்' என்று அவர் வகுத்த பயிற்சிகளுமே பாடம். முதல் பரிசு, ஆறு நிறங்களில் கம்பளி நூலால் ஆன ஆறு பந்துகள். இரண்டாவது, மரத்தால் ஆன உருண்டை, உருளை, கனசதுரம். மூன்றாவது, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு கனசதுரம்.

எட்டுக் கட்டைகளில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். அவற்றை வைத்துப் பிள்ளை நாற்காலி, மேசை, படிக்கட்டு செய்யும். பிறகு அதே கட்டைகளை நடுவிலிருந்து விரித்து, மாக்கோலம்போல் நான்கு பக்கமும் ஒத்திருக்கும் அழகான கோலமாக்கும். அடுத்து நான்கும் நான்குமாகப் பிரிக்கும், இரண்டு இரண்டாகப் பிரிக்கும், மறுபடி ஒன்றாகச் சேர்க்கும். முதலாவது வாழ்க்கை, இரண்டாவது அழகு, மூன்றாவது கணக்கு. மூன்றும் ஒரே கட்டையில் இருக்கின்றன என்பதைப் பிள்ளை தன் கையாலேயே தெரிந்துகொள்ளும்.

கைவேலைகளின் பட்டியலைப் படித்தால் இன்றைய பாலர் பள்ளி கண்முன் வரும். காகிதம் மடித்தல், வெட்டுதல், பாய் பின்னுவதுபோல் வண்ணக் காகித நாடாக்களைப் பின்னுதல், அட்டையில் ஊசியால் துளையிட்டு நூல் கோத்தல், கட்டமிட்ட தாளில் வரைதல், களிமண்ணில் உருவம் பிடித்தல் எல்லாம் அதில் உண்டு. ஊறவைத்த பட்டாணியைக் கூரிய குச்சிகளால் இணைத்து வீடும் கோபுரமும் கட்டுவதும் ஒரு பாடமாக இருந்தது.

இந்தப் பட்டாணிப் பாடம் வெகுதூரம் போயிற்று. அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், சிறு வயதில் பார்வைக் குறைபாடு உடையவர். பாலர் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் தாங்கள் பார்த்த வீடுகளைப் போலச் சதுரமாகக் கட்டியபோது, அவர் குச்சியையும் பட்டாணியையும் தடவித் தடவி, எது ஆடாமல் நிற்கிறது என்று பார்த்து முக்கோணங்களாகவே கட்டினாராம். பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தேடித்தந்த குவிமாடங்கள் முக்கோணங்களால் ஆனவை. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் தாயாரோ, 1876ஆம் ஆண்டு பிலடெல்ஃபியா கண்காட்சியில் ஃபிரோபெலின் கட்டைகளைக் கண்டு மகனுக்கு வாங்கி வந்தார். அந்தக் கட்டைகளின் வழவழப்பு தம் விரல்களை விட்டு என்றும் நீங்கவில்லை என்ற பொருளில் ரைட் முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

அரசாங்கம் அஞ்சிய பள்ளி

1848ஆம் ஆண்டு ஜெர்மானிய நாடுகளில் புரட்சி வெடித்து அடங்கியது. அதன்பின் ஆட்சியாளர்கள் புதிய எதையும் ஐயத்தோடு பார்த்தார்கள். 1851ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரஷ்யாவின் கல்வி அமைச்சு கிண்டர்கார்டன்களுக்குத் தடை விதித்தது. அவை பிள்ளைகளை நாத்திகத்துக்கும் சமதர்மத்துக்கும் இட்டுச் செல்கின்றன என்பது குற்றச்சாட்டு. ஃபிரோபெலின் அண்ணன் மகன் கார்ல் ஃபிரோபெல் எழுதிய ஒரு சிறு நூலைக் கண்டு, இருவரையும் குழப்பிக்கொண்டதும் தடைக்கு ஒரு காரணம்.

முதியவர் முறையிட்டுப் பார்த்தார். பயனில்லை. மறு ஆண்டு, 1852 ஜூன் 21ஆம் தேதி, தடை நீங்காமலேயே அவர் காலமானார். உருண்டை, உருளை, கனசதுரம் ஆகிய மூன்றையும் அடுக்கிய வடிவில் அவருக்கு நினைவுக்கல் அமைந்தது. 1860ஆம் ஆண்டுதான் தடை விலக்கப்பட்டது.

அதற்குள் அவருடைய தோட்டம் கடல் கடந்துவிட்டது. அதைக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் பெண்கள். மாரென்ஹோல்ட்ஸ் சீமாட்டி ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சென்று சொற்பொழிவாற்றினார். 1851ஆம் ஆண்டு லண்டனில் பெர்தா ரோங்கே கிண்டர்கார்டனைத் தொடங்கினார். அவருடைய தங்கை மார்கரெட் ஷூர்ஸ் 1856ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜெர்மன் மொழியில் ஒன்றைத் தொடங்கினார். 1876ஆம் ஆண்டு தோக்கியோவில் திறக்கப்பட்ட பாலர் பள்ளியில் ஃபிரோபெலின் காகித மடிப்பும் ஜப்பானியரின் மரபான காகித மடிப்பும் கைகோத்துக்கொண்டன.

பாடம் மீண்டும் கட்டளையானது

அரசாங்கத் தடையைத் தாண்டிய கைவேலைக்கு அடுத்த இடையூறு அன்பர்களிடமிருந்தே வந்தது. கட்டைகளும் பயிற்சிப் பொருள்களும் தொழிற்சாலையில் செய்து விற்கப்பட்டன. அவற்றோடு விதிகளும் பெருகின. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே கட்டையை எடுக்க வேண்டும், ஆசிரியர் சொன்ன கோட்டில்தான் வைக்க வேண்டும், புள்ளியிட்ட இடத்தில்தான் ஊசி குத்த வேண்டும் என்றாகியது. தோட்டம் அணிவகுப்புத் திடலானது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் இதை எதிர்த்தார். குழந்தைக்கு முதலில் தோளும் கையும்தான் வலுப்பெறும், விரல் நுனியின் நுண்ணிய அசைவு பிறகுதான் வரும், மூன்று வயதுப் பிள்ளையை நுணுக்கமான ஊசிவேலையில் உட்காரவைப்பது கண்ணுக்கும் கைக்கும் கேடு என்றார். அவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவர்களில் ஒருவர் பேட்டி ஸ்மித் ஹில். பிள்ளைகள் இரு கைகளாலும் தூக்கி, தரையில் நின்றபடி கட்டும் அளவுக்குப் பெரிய கட்டைகளை அவர் உருவாக்கினார். இன்று உலகெங்கும் பிறந்தநாள் கொண்டாட்டங்களில் ஒலிக்கும் மெட்டு, அவரும் அவருடைய சகோதரி மில்ட்ரெடும் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் காலை வணக்கத்துக்காக உருவாக்கிய பாடலின் மெட்டுதான்.

மழைக்கு ஒதுங்கியவர் கண்டது

இதே காலகட்டத்தில் ஐரோப்பாவில் இன்னொரு கேள்வி எழுந்தது. பிள்ளைகள் தாமாக வரைவது வெறும் கிறுக்கலா, அல்லது அதில் ஏதேனும் இருக்கிறதா?

1880களின் தொடக்கத்தில் ஒரு குளிர்கால நாளில் கொராடோ ரிச்சி என்ற இத்தாலிய அறிஞர் போலோன்யா நகரில் மழைக்காக ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கினார். அதன் சுவரில் பிள்ளைகள் வரைந்த கிறுக்கல்கள் நிறைந்திருந்தன. மழை விடும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர், பிள்ளைகளின் ஓவியங்களைத் திரட்டி 1887ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டை வரையும் பிள்ளை சுவரையும் வரைகிறது, சுவருக்குள் இருக்கும் ஆட்களையும் வரைகிறது. பெரியவர்களுக்கு அது பிழை. உண்மையில் பிள்ளை கண்ணால் காண்பதை வரையவில்லை. தனக்குத் தெரிந்ததை வரைகிறது. சுவருக்கு அப்பால் அம்மா இருக்கிறார் என்பது அதற்குத் தெரியும்.

வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்ற ஓவியர், தாம் குடியிருந்த தச்சர் வீட்டுப் பிள்ளைகள் தம்முடைய வண்ணங்களை எடுத்து வரைவதைக் கவனித்தார். 1897ஆம் ஆண்டு அவர் பிள்ளைகளுக்கென ஓவிய வகுப்பைத் தொடங்கினார். மாதிரிப் படத்தைப் பார்த்து வரைவதே ஓவியப் பாடமாக இருந்த நாளில், அவர் மாதிரிப் படமே வைக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் அந்தப் பிள்ளைகளின் படைப்புகள் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, பிரிட்டிஷ் ஆசிரியர்கள் பலர் தங்கள் வகுப்பறைகளை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள்.

சென்னை மணலும் மாண்டிசோரி அம்மையாரும்

கைக்கும் அறிவுக்கும் உள்ள உறவைச் சொல்லும்போது தமிழ் மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. 1789ஆம் ஆண்டு சென்னையில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலின் வழியே சென்னை முறை இங்கிலாந்துக்குச் சென்றது. நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் செய்ததும், விஜயதசமியன்று பிள்ளையின் விரல் பிடித்து அரிசியில் எழுதவைப்பதும் இதே உண்மையைத்தான் சொல்கின்றன. எழுத்து முதலில் விரலுக்குத் தெரிய வேண்டும்.

1907ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் பாலர் இல்லம் தொடங்கிய மருத்துவர் மரியா மாண்டிசோரியும் மணல்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவும்படி செய்தார். அறிவுக்குக் கையே கருவி என்பது அவருடைய உறுதியான முடிவு. 1939ஆம் ஆண்டு ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், 300க்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியர் என்பதால் பிரிட்டிஷ் அரசு அவருடைய நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியது. மகன் மாரியோவைச் சில காலம் சிறைமுகாமில் வைத்தது. சில மாதங்கள் தங்க வந்தவர், போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்தார். அவற்றில் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் கழிந்தன. அங்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்.

விரல்கள் செய்யும் வேலை

வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் களிமண் கொடுத்து உருவம் செய்யப் பழக்கியவர் விக்டர் லோவன்ஃபெல்ட். பார்க்க முடியாத பிள்ளையும் தான் உணர்ந்த முகத்தைக் களிமண்ணில் கொண்டுவர முடியும் என்று கண்டார். நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபின் அமெரிக்காவுக்குச் சென்ற அவர், 1947ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிகளாகப் பிரித்துக் காட்டினார்.

அந்தப் படிகளை எந்த வீட்டிலும் காணலாம். இரண்டு வயதில் பிள்ளை தோளிலிருந்து கையை வீசிக் கிறுக்கும். பிறகு கோடு வட்டமாகும். ஒருநாள் அந்த வட்டத்துக்குப் பெயர் கிடைக்கும்: "இது அப்பா." நான்கு வயதை ஒட்டி வட்டத்துக்குக் கண்ணும், வட்டத்திலிருந்தே இரண்டு காலும் முளைக்கும். உடம்பு எங்கே என்று கேட்கத் தேவையில்லை. அது பிறகு வரும். ஒரு கோடு ஓர் ஆளைக் குறிக்கலாம் என்று கண்டுகொண்ட பிள்ளைக்கு, 'அ' என்ற கோடு ஓர் ஒலியைக் குறிக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது எளிதாகிறது.

கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது ஒரு கை வெட்டுகிறது, மறு கை தாளைத் திருப்பிக் கொடுக்கிறது. இரண்டு கைகளும் இரண்டு வேலைகளை ஒன்றுபட்டுச் செய்யப் பழகுகின்றன. மாவு பிசையும் விரல்கள் பென்சில் பிடிக்கும் வலிமையைப் பெறுகின்றன. சுழிகளும் வளைவுகளும் நிறைந்த தமிழ் எழுத்துகளுக்கு, வட்டமும் சுருளும் வரைந்து பழகிய கையைவிட நல்ல ஆயத்தம் வேறில்லை. பசை ஒட்டாதபோது வேறு வழி தேடுவதும், ஒரே சிவப்பு வண்ணக்குச்சிக்காகக் காத்திருப்பதும், கட்டியது சரிந்தால் மறுபடி தொடங்குவதும் எந்தப் பயிற்சித் தாளிலும் இல்லாத பாடங்கள்.

காகிதக் கப்பல் விட்ட சிறுவர்கள்

நம் வட்டாரத்திலும் இந்த எண்ணத்துக்கு வேர் உண்டு. 1951ஆம் ஆண்டு மலாயாவுக்கு ஓவியக் கல்விப் பொறுப்பாளராக வந்த பீட்டர் ஹாரிஸ், பார்த்து வரையும் திறமையைவிடச் சொந்த வெளிப்பாடே முக்கியம் என்றார். மறு ஆண்டு கோலாலம்பூரில் 'புதன்கிழமை ஓவியக் குழு'வைத் தொடங்கினார். அக்குழுவைச் சேர்ந்த பேட்ரிக் இங், விக்டோரியா கல்விக்கூடத்தில் ஆசிரியராகவும் இருந்தார். அவரிடம் பயின்ற ஜுல்கிஃப்லி புயோங் பள்ளி மாணவராக இருக்கும்போதே பரிசுகள் வென்றார். அவர் 1966ஆம் ஆண்டு வரைந்த 'கப்பால் கெர்த்தாஸ்' என்ற ஓவியம் காகிதக் கப்பல் விட்டு விளையாடும் பிள்ளைகளைக் காட்டுகிறது. மலேசிய ஓவிய வரலாற்றில் அதற்கு நிலையான இடம் உண்டு.

பிற்காலத்தில் இரு நாட்டு அரசுகளும் இதைப் பாடத்திட்டத்திலேயே எழுதின. மலேசியாவின் 2003ஆம் ஆண்டுத் தேசியப் பாலர் பள்ளிப் பாடத்திட்டத்தில் படைப்பாற்றலும் அழகியலும் ஒரு தனிக் கூறாக இடம்பெற்றன. அதே 2003ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் கல்வி அமைச்சும் பாலர் பள்ளிகளுக்கான பாடத்திட்ட வரைவை வெளியிட்டது. அதன் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சொல்லப்பட்ட ஆறு கற்றல் துறைகளுள் அழகியலும் படைப்பாக்க வெளிப்பாடும் ஒன்று. எண்ணுக்கும் எழுத்துக்கும் சமமாக அது வைக்கப்பட்டுள்ளது.

பிள்ளையின் வேலை பிள்ளைக்கே

1851ஆம் ஆண்டில் கைவேலையைத் தடுத்தது அரசாங்கம். பின்னர் அதை இறுக்கிப் பிடித்தவை ஆசிரியர்களின் விதிகள். இன்று அந்த இடத்தில் பெரியவர்களின் அவசரம் நிற்கிறது. கண்காட்சிச் சுவரில் அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஆசிரியரே வெட்டி, ஆசிரியரே ஒட்டி, பிள்ளை கண்ணை மட்டும் ஒட்டிய இருபது மீன்கள் ஒன்றுபோல் தொங்கும் வகுப்பறைகள் உண்டு. கோட்டுக்கு வெளியே வண்ணம் போகக் கூடாது என்று பிள்ளையின் கையைப் பிடித்துத் தாங்களே தீட்டி முடிக்கும் பெற்றோரும் உண்டு. படம் அழகாகிறது. ஆனால் அன்றைய பாடத்தைப் படித்தவர் பெரியவர்தான்.

கைத்தொலைபேசித் திரையில் விரலால் தேய்த்தாலும் வண்ணம் வருகிறது. ஆனால் அங்கே களிமண்ணின் எடை இல்லை, காகிதம் கிழியும் ஒலி இல்லை. இரண்டு முதல் நான்கு வயதுள்ள பிள்ளைகள் உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. மீதி நேரத்துக்கு விலை உயர்ந்த பொருள்கள் தேவையில்லை. சப்பாத்தி பிசையும்போது ஓர் உருண்டை மாவு, பழைய நாளிதழ், முனை மழுங்கிய கத்தரிக்கோல், காலி அட்டைப் பெட்டி ஆகியவை போதும்.

அடுத்த முறை பையிலிருந்து அந்தக் கோணல் மீன் வெளியே வரும்போது, "இன்று ஒன்றும் படிக்கவில்லையா?" என்ற கேள்வியைச் சற்று நிறுத்திவைக்கலாம். "இதை எப்படிச் செய்தாய், சொல்" என்று கேட்டால், முதலில் எதை வெட்டினோம், எது ஒட்டவில்லை, பிறகு என்ன செய்தோம் என்று பிள்ளை வரிசையாகச் சொல்லும். ஒரு பொருளைச் செய்த கை, அதைச் சொல்லும் நாவுக்கும் வழி திறக்கிறது. அன்று அந்தப் பிள்ளை என்ன படித்தது என்பது பெற்றோருக்கு அப்போது தெரிந்துவிடும்.